நீல டிரம்மை அகற்றுங்கள்: நகராட்சி ஆணையர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களுக்கும் பேரூராட்சிச் செயல் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

கோழிக்கறிக் கடை நடத்த உரிமம் தருபவர்கள் நீங்கள் என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். கடைகளை மூடச் சொல்லி எழுதவில்லை. நான் கோழிக்கறி உண்பவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பவன். அந்த வரிசையில் பல ஆண்டுகள் நின்றும் கண்ணில் வாங்கிக்கொள்ளாமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். கழுத்தறுபட்ட கோழி உயிர் அடங்கும்வரை கிடக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, காலை 7.30 மணி இருக்கும். எனக்கு முன்னால் ஆறேழு பேர் நின்றார்கள். கடைப் பையன் கூண்டுக்குள் கைவிட்டு, அகப்பட்ட கோழியின் ஒரு காலைப் பிடித்து இழுத்தான். மறுகால் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதையும் சேர்த்து இழுத்தான். இரண்டு இறக்கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று பின்னித் தராசில் கிடத்தினான். இறக்கை பின்னப்பட்ட கோழி எழுந்து ஓடாது, எடை ஆடாமல் நிற்கும். உயிர் எடை 2 கிலோ 100 கிராம். கத்தி கழுத்தின் ஒரு பக்கமாக ஒரு முறை இழுபட்டது. கோழி டிரம்முக்குள் விழுந்தது. அதன்மேல் அடுத்த வாடிக்கையாளரின் கோழி, அதன்மேல் இன்னொன்று. பிளாஸ்டிக்கின் உட்சுவரை நகம் கீறும் ஓசை, வண்டிச் சத்தத்துக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்டது. தோலுரிக்க எடுப்பதற்காகப் பையன் டிரம்முக்குள் குனிந்தபோது, என்னுடைய கோழி கழுத்தின் ஒரு பக்கம் திறந்த நிலையில், கீழே கிடந்தவற்றின்மேல் காலூன்றி நின்றுகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. அவன் எதுவும் பேசாமல் அதை மீண்டும் அறுத்தான். கை நீட்டினால் எட்டும் தொலைவில் கூண்டு. உள்ளே இருந்தவை அத்தனையும் டிரம் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை. வேறு மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவன், விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறான், கத்தி மழுங்கியிருக்கிறது, வரிசை நீண்டுகொண்டே போகிறது, அறுப்பது எப்படி என்று அவனுக்கு யாரும் ஒரு நாளும் சொல்லித் தந்ததில்லை. அங்கே நடந்த கொடுமை அவன் மனத்திலிருந்து வரவில்லை. அவசரத்திலிருந்தும், மழுங்கிய கத்தியிலிருந்தும், அந்த டிரம்மிலிருந்தும் வந்தது. அந்த மூன்றையும் மாற்ற முடியும் என்பதால்தான் உங்களிடம் வருகிறேன்.

கொல்வதும் வதைப்பதும் ஒன்றல்ல என்பதை நாம் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கொலைக்கு ஒரு சொல்லும் சித்திரவதைக்கு வேறொரு சொல்லும் நம் மொழியில் இருக்கின்றன. ஒரு கொலையின் கொடூரத்தைச் சொல்ல வரும்போது ‘துடிக்கத் துடிக்க’ என்று சேர்த்துச் சொல்கிறோம். என் அப்பத்தா பஞ்சாரத்தில் கோழி வளர்த்தவள். விருந்தாளி வந்து கோழி அடிக்க வேண்டிய நாளில், மற்றக் கோழிகளை முதலில் கொல்லைப் பக்கம் விரட்டிவிடுவாள். குறித்துவைத்த கோழியை இடுப்போடு அணைத்தபடி வீட்டின் பின்புறம் கொண்டுபோய், அதன் வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் விட்டபிறகே தாத்தாவிடம் கொடுப்பாள். “துடிக்க விட்றாதீக” என்பது அவள் ஒவ்வொரு முறையும் சொல்லும் ஒரே சொல். அவள் சைவம் அல்ல. அன்றைய குழம்பை அவளும்தான் உண்டாள். கொல்லும் உரிமையை எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த உயிரின் கடைசி நிமிடத்தின்மேல் ஒரு பொறுப்பும் உண்டு என்று அவள் எந்த விளக்கமும் இல்லாமல் நம்பினாள்.

கோயில் கிடா வெட்டிலும் இதே உணர்வைக் காணலாம். கிடாயின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடலை உலுக்கும்வரை காத்திருப்பார்கள். உலுக்கினால்தான் உத்தரவு கிடைத்ததாகக் கொள்வார்கள். வெட்டு ஒரே வெட்டாக விழ வேண்டும். இரண்டாவது வெட்டு விழுந்தால் அதைக் குறையாகப் பார்க்கும் ஊர்கள் உண்டு. கிடாய் உண்மையில் சம்மதிக்கிறதா என்று கேட்டால் அதற்கு என்னிடம் விடையில்லை. ஆனால் அரிவாளைப் பதமாகத் தீட்டி வைக்கும் பழக்கத்துக்குப் பின்னால் இருப்பது, நொடியில் முடிய வேண்டும் என்ற எண்ணம். இஸ்லாமிய மரபு இன்னும் நேரடியாகப் பேசுகிறது: அறுப்பதானால் அழகிய முறையில் அறுக்க வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணிக்கு வேதனை தராமல் இருக்க வேண்டும் என்பது நபிமொழி. மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் இருபக்கக் குருதிக்குழாய்களையும் சேர்த்து அறுப்பதே நிறைவான அறுப்பு என்று கற்பிக்கிறார்கள். நான் மேலே சொன்ன ஒருபக்கக் கீறலும் டிரம்மும் எந்த மதத்தின் முறையும் அல்ல. நாட்டுக்கோழி ஒன்றை என்றோ ஒரு நாள் அறுத்த காலத்திலிருந்து, ஒரு கடையில் ஒரு காலையில் நூற்றுக்கு மேல் அறுக்கும் காலத்துக்கு வந்துவிட்ட நாம், பழைய கவனத்தை வழியிலேயே விட்டுவிட்டோம். அந்த இடைவெளியில் டிரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும், இதே கடைகளில் கறி வாங்கும் மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், மனிதர் அல்லாத எந்த உயிரினமும் விலங்கே என்று வரையறுக்கிறது. ஆகவே கோழியும் அதில் அடங்கும். உணவுக்காகக் கொல்வதை அந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை, ஆனால் அந்த விலக்கு தேவையற்ற வலியோ துன்பமோ இல்லாமல் கொல்வதற்கு மட்டுமே பொருந்தும் என்று 11ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வலி உண்டாகும் விதத்தில் வண்டியிலோ வேறு வகையிலோ எடுத்துச் செல்வதும் அதே பிரிவின்படி குற்றம். இதற்குரிய தண்டனை, முதல் முறைக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். 1960இல் அந்தத் தொகைக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். இன்று அது அரைக் கிலோ கறியின் விலைக்கும் வராது.

2001இல் வந்த இறைச்சிக்கூட விதிகள், ஒரு விலங்கின் கண் எதிரில் மற்றொரு விலங்கை அறுக்கக் கூடாது என்கின்றன. மனிதத் தன்மையுள்ள அருமையான விதி அது. ஆனால் ஒரு நாளில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட விலங்குகளை அறுக்கும், முறைப்படி உரிமம் பெற்ற இறைச்சிக்கூடம்தான் அந்த விதிகளின் பார்வையில் இறைச்சிக்கூடம். தெருமுனைக் கடை கோழிகளை எண்ணிக்கையில் அதைவிட எவ்வளவோ அதிகமாக அறுத்தாலும், நடைமுறையில் அது ஒரு வியாபாரக் கடையாகவே கருதப்படுகிறது. ஆட்டுக்குக் கிடைக்கும் மறைவு கோழிக்குக் கிடைப்பதில்லை. நம் ஊரில் மட்டுமே இப்படி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் கால்நடைகளை வலியில்லாமல் அறுப்பதற்காக 1958இல் இயற்றப்பட்ட சட்டத்தைக்கூட அங்குள்ள அரசு கோழிகளுக்குப் பொருத்துவதில்லை. உலகில் மனிதர் மிக அதிக எண்ணிக்கையில் கொல்லும் பறவை எதுவோ, அதையே இத்தகைய விதிகள் வெளியே நிறுத்திவிட்டன. 2017இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையில் முட்டைக்கோழி, கறிக்கோழி ஆகியவற்றின் வளர்ப்பையும் போக்குவரத்தையும் எடுத்துப் பேசியது நல்ல தொடக்கம். ஆனால் பண்ணையும் பயணமும் முடிந்தபிறகு வரும் கடைசி மூன்று நிமிடங்கள் நடப்பது உங்கள் எல்லைக்குள், நீங்கள் கையெழுத்திட்ட உரிமம் மாட்டியிருக்கும் சுவருக்குக் கீழே.

கோழிக்கு வலி தெரியுமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வை அவர்களுக்குச் சொல்வேன். கறிக்கோழிகள் ஆறு வாரத்தில் 2 கிலோவைத் தொட்டுவிடும்படி வளர்க்கப்படுபவை. உடல் எடையைக் கால் தாங்காமல் நொண்டும் கோழிகள் பண்ணைகளில் சாதாரணம். சாதாரணத் தீவனத்தையும் வலிநீக்கி மருந்து கலந்த தீவனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, நொண்டும் கோழிகள் மருந்துள்ள தீவனத்தை மற்றவற்றைவிட அதிகம் தேர்ந்து தின்றன. நொண்டல் கடுமையாக ஆக ஆக அவை உட்கொண்ட மருந்தின் அளவும் கூடியது. வலியைச் சொல்ல வாயில்லாத ஓர் உயிர் இதற்கு மேல் எப்படிச் சொல்லும்? அந்தக் காலைத்தான் பிடித்து இழுக்கிறோம். இருசக்கர வண்டியின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுகிறோம். பறவைகளுக்கு நம்மைப்போல் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைச்சுவர் கிடையாது. தலைகீழாகத் தொங்கும்போது உள்ளுறுப்புகளின் பாரம் காற்றுப்பைகளின்மேல் விழுந்து மூச்சு திணறும். சந்தையிலிருந்து கடைவரை அரை மணி நேரம் அது அப்படித்தான் வருகிறது.

அறுத்தபின் துடிப்பது முழுவதும் வேதனை என்றும் சொல்லிவிட முடியாது, அதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். தலை முழுதாகத் துண்டான கோழியும் இறக்கை அடிக்கும். அது நரம்பின் அனிச்சைச் செயல். கவனிக்க வேண்டியது வேறு. கழுத்தின் இரண்டு பக்கத் தமனிகளும் ஒரே இழுப்பில் அறுபட்டால் மூளைக்குப் போகும் குருதி சட்டென்று நின்று, நினைவு சீக்கிரம் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் அறுபட்டால் மறுபக்கத் தமனி மூளைக்குக் குருதியைக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். கோழி தலையைத் தூக்கப் பார்க்கிறதா, சீராக மூச்சிழுக்கிறதா, கண்ணைத் தொட்டால் இமைக்கிறதா என்று பார்த்தால் அதற்கு நினைவு இருப்பது தெரிந்துவிடும். டிரம்முக்குள் இதை யாரும் பார்க்க முடியாது என்பதுதான் டிரம்மின் முதல் குற்றம். கீழே நினைவோடு கிடக்கும் ஒன்றின்மேல் இன்னொன்று விழுகிறது, அதன்மேல் மற்றொன்று. சில கோழிகள் குருதி வடிந்து சாகின்றனவா, மேலே விழுந்தவற்றின் பாரத்தில் மூச்சடைத்துச் சாகின்றனவா என்பது அறுத்தவருக்கே தெரியாது.

இதற்கு மாற்று பெரிய இயந்திரம் எதுவும் அல்ல. தகரத்திலோ எவர்சில்வரிலோ செய்து சுவரில் பொருத்தும் புனல்தான் மாற்று. கோழியைத் தலை கீழாக அதற்குள் இறக்கினால் உடலைப் புனல் தாங்கிக்கொள்கிறது, இறக்கைகள் விரியாமல் அடங்கி நிற்கின்றன, கழுத்து அடிப்பக்கத் துளை வழியே வெளியே வருகிறது. அறுப்பவருக்கு இரண்டு கையும் சுதந்திரமாகக் கிடைப்பதால் இருபக்கமும் ஒரே இழுப்பில் அறுக்க முடியும். ஒரு புனலில் ஒரு கோழி. அது அடங்கிவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு எடுக்கலாம். தலைகீழ் என்பது இதிலும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் காலில் தொங்காமல், உடல் தாங்கப்பட்டு, சிறிது நேரம் மட்டும். பிரிட்டனில் மயக்கமூட்டாமல் அறுக்கும் கோழியை 90 நொடிகள் கழியும் முன் அசைக்கவோ அடுத்த வேலையைத் தொடங்கவோ கூடாது என்பது சட்டம். நான்கு புனல்களை வரிசையாக வைத்திருக்கும் கடையில் அந்த 90 நொடிகள் வியாபாரத்தைத் தடுக்காது. முதல் கோழி அடங்குவதற்குள் நான்காவதை எடை போட்டுக்கொண்டிருப்பார்கள். கடைக்காரர்களுக்கும் இதில் இழப்பு இல்லை. டிரம்மில் புரண்டு அடித்துக்கொள்ளும் கோழியின் இறக்கையிலும் தொடையிலும் கட்டிப்போகும் இரத்தத்தை வாடிக்கையாளர் தள்ளிவிடுவது அவர்கள் தினமும் பார்ப்பதுதான்.

உங்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும்.

கொல்வதே பாவம், நன்றாகக் கொல்வது என்று ஒன்று உண்டா என்று ஒரு சாரார் கேட்பார்கள். வடலூரில் அணையா அடுப்பு மூட்டிய வள்ளலாரின் வழியில் நடப்பவர்கள் இப்படிக் கேட்டால், அவர்கள்முன் நான் தலை குனிந்தே நிற்பேன். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் உலகம் முழுவதும் புலால் மறுக்கும் நாள்வரை, இன்று காலை டிரம்முக்குள் விழுந்த கோழி காத்திருக்க முடியாது. வள்ளலார் நினைவு நாள், திருவள்ளுவர் நாள், மகாவீரர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் இறைச்சிக் கடைகளை மூடும்படி நீங்கள் ஆணை பிறப்பிக்கிறீர்கள். அதற்கு முந்தைய நாள் மாலையில் ஒரு கடை வாசலில் போய் நின்று பாருங்கள். மறுநாளுக்கும் சேர்த்து வாங்க வந்த கூட்டத்தின் அவசரத்தில் அறுப்பு இன்னும் மோசமாகும். கருணைக்கென்று ஒதுக்கிய நாள், கோழியைப் பொறுத்தவரை ஒரு நாள் முன்னதாக, இன்னும் அதிக வேதனையோடு சாகும் நாளாகிவிடுகிறது. மற்ற 360 நாட்களில் அது எப்படிச் சாகிறது என்பது பற்றி உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்து நான் பார்த்ததில்லை.

முழுத் தடை எங்கே போய் முடியும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடுமையாக நடைமுறைப்படுத்த 2003இல் ஆணை வந்தது. எளிய மக்கள் தங்கள் குலதெய்வ வழிபாட்டின்மேல் விழுந்த அடியாக அதை உணர்ந்தார்கள். 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. கொல்லலாமா கூடாதா என்ற ஒற்றைக் கேள்வியில் அந்த விவாதம் முழுவதும் முடிந்துபோனது. வேகமான வெட்டா, வதையா என்ற கேள்வியை அன்று பொதுவெளியில் எழுப்பியவர்கள் மிகக் குறைவு.

மறுபக்கத்துக் கவலை எனக்கு இதைவிட முக்கியமானது. விலங்குகள்மேல் இரக்கம் என்ற பெயரில் இந்த நாட்டில் இறைச்சி உண்போரையும் விற்போரையும் இழிவுபடுத்துகிறார்கள், சில இடங்களில் அடித்தும் கொல்கிறார்கள். ஆகவே இந்தப் பேச்சை எடுத்தாலே, இதுவும் அதன் இன்னொரு வடிவமோ என்று கடைக்காரர்கள் அஞ்சுவது இயல்பு. 2023இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கோழியும் விலங்கே என்று அம்மாநில அரசு சொன்னபோது, அப்படியானால் இறைச்சிக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும், கடையில் வைத்து அறுக்கவே முடியாதே என்று கோழிக்கடைக்காரர்கள் கலங்கினார்கள். அந்த வழியில் போக வேண்டாம் என்றுதான் உங்களைக் கேட்கிறேன். எந்த மதத்தின் அறுப்பு முறையிலும் தலையிட வேண்டாம்; தலையைத் துண்டிப்பதா, தொண்டையை அறுப்பதா என்ற வழக்குக்குள் போக வேண்டாம்; ஒரு கடையின் கதவையும் அடைக்க வேண்டாம். புனலும் கூரான கத்தியும் எல்லா முறைக்கும் பொருந்தும்.

நான் கேட்பது உரிமத்தின் நிபந்தனைகளோடு சில வரிகளைச் சேர்ப்பதை மட்டும்தான். அறுக்கும் இடத்துக்கும் கூண்டுக்கும் நடுவில் ஒரு மறைப்பு வேண்டும். தொங்கவிட்ட ஒரு தார்ப்பாய்கூடப் போதும். டிரம்முக்குப் பதில் புனல்கள் வேண்டும். அறுத்தபின் 90 நொடிகள் கழித்து, மூச்சு நின்றதைப் பார்த்தபிறகே தோலுரிக்க வேண்டும். கோழியைக் கடைக்குக் கொண்டுவருவது கூடையிலோ கூண்டிலோ இருக்க வேண்டும், காலைக் கட்டித் தொங்கவிட்டு அல்ல. அறுப்பவர்களுக்கு உங்கள் ஊர்க் கால்நடை உதவி மருத்துவரைக் கொண்டு அரை நாள் பயிற்சி தரலாம், அவர்களுக்குத் தெரிந்த மொழியில், அந்த நாளின் கூலியை இழக்காமல். முதல் ஆண்டில் அபராதம் எதுவும் வேண்டாம். சிறிய கடைகளுக்குப் புனல்களை நகராட்சியே வாங்கிக் கொடுத்தாலும் உங்கள் வரவுசெலவில் அது கண்ணுக்குத் தெரியாத தொகையாகத்தான் இருக்கும்.

இதில் ஒன்றைக்கூட நீங்கள் இந்த மடலை நம்பிச் செய்ய வேண்டியதில்லை. வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு, அலுவலக வண்டியில் போகாமல், யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்குப் பையோடு போங்கள். உங்கள் கோழி டிரம்முக்குள் விழுந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். நகம் கீறும் ஓசை நிற்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.

மரியாதையுடன்,
கோழிக்கறி வாங்க வரிசையில் நிற்கும் ஒருவன்